இரண்டு நகரங்களுக்கு இடையே விமானத் தூரமும் பயண நேரமும்: நீங்களே கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும்? ஓர் இணையதளம் ஏறத்தாழ 6 மணி நேரம் என்கிறது. டிக்கெட்டில் 7 மணி நேரம் என்று அச்சாகியிருக்கிறது. புறப்பாடு இரவு 9 மணி, வருகை காலை 9 மணி என்று போட்டிருப்பதைப் பார்த்தால் 12 மணி நேரம் போலத் தெரிகிறது. திரும்பி வரும் விமானமோ லண்டனில் பிற்பகல் 2 மணிக்குக் கிளம்பி நியூயார்க்கில் அன்று மாலை 5 மணிக்கே இறங்குகிறது; கடிகாரப்படி 3 மணி நேரம்தான்! நான்கும் சரியான எண்களே. நான்கும் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள் என்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

தூரத்துக்கு ஒரே விடை உண்டு. நேரத்துக்கு அப்படி இல்லை. எந்தத் திசையில், எந்த மாதத்தில், எங்கிருந்து எதுவரை என்று கேட்டால்தான் பயண நேரம் பொருளுள்ள எண்ணாக மாறும். இணைப்பு விமானத்தைத் தவறவிடுவதற்கும், வரவேற்க வருபவர் விமான நிலைய வாசலில் மணிக்கணக்கில் காத்து நிற்பதற்கும் பெரும்பாலும் இந்தக் கேள்விகளைக் கேட்காததே காரணம். சைன், கோசைன் பொத்தான்கள் உள்ள ஒரு கால்குலேட்டரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும், உலகின் எந்த இரண்டு நகரங்களுக்கும் இதைக் கணக்கிட்டுவிடலாம்.

படி 1: நகரத்தை விடுங்கள், விமான நிலையத்தைப் பிடியுங்கள்

விமானம் நகரத்துக்குப் போவதில்லை. விமான நிலையத்துக்குப் போகிறது. டோக்கியோவுக்கு ஹனேடா, நரிட்டா என்று இரண்டு உண்டு. ஹனேடா நகரத்தை ஒட்டியே இருக்கிறது. நரிட்டா நகர மையத்திலிருந்து சுமார் 60 கி.மீ. தள்ளி இருக்கிறது. வானில் பறக்கும் தூரத்தில் இது பெரிய வேறுபாடு இல்லை என்றாலும், இறங்கிய பிறகு தரையில் அது ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும். நியூயார்க்குக்கு ஜே.எப்.கே., நியூவார்க், லகார்டியா. லண்டனுக்கு ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட் எனப் பட்டியல் நீளும்.

இதைவிட ஆபத்தானது ஒரே பெயரில் இருக்கும் ஊர்கள். சான் ஹோசே என்றால் கோஸ்டாரிகாவின் தலைநகரம். அதே எழுத்துகளில் கலிஃபோர்னியாவிலும் ஒரு நகரம் இருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோவில் ஒரு லண்டன் உண்டு, நோவா ஸ்கோஷியாவில் ஒரு சிட்னி உண்டு, அமெரிக்காவின் அலபாமாவில் ஒரு பர்மிங்காம் உண்டு. தூரம் தேடும்போது ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்யாமல், டிக்கெட்டில் இருக்கும் மூன்றெழுத்து விமான நிலையக் குறியீட்டைத் தட்டச்சு செய்யுங்கள். அந்தக் குறியீடு பயன்பாட்டில் உள்ள இரண்டு நிலையங்களுக்குப் பொதுவாக இருக்காது.

படி 2: உண்மையான நேர்கோடு எது என்று புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். இது பிடிபட்டுவிட்டால் மற்றவை தாமாகவே விளங்கும்.

சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் டோக்கியோவையும் லாஸ் ஏஞ்சலஸையும் பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் இருக்கின்றன; ஒன்று 35 பாகைக்குச் சற்று மேலே, மற்றது 34 பாகை அருகே. அளவுகோலை வைத்துக் கோடு போட்டால் பசிபிக்கின் குறுக்கே கிழக்கு நோக்கி நேராகப் போகும். விமானம் அப்படிப் போவதில்லை. வடக்கே வளைந்து மேலேறி, பிறகு தெற்கே இறங்குகிறது. முதல் முறை இருக்கைத் திரையில் இந்த வளைவைப் பார்ப்பவர்கள், விமானம் ஏன் சுற்றி வளைத்துப் போகிறது என்று கேட்பார்கள். சுற்றுவது விமானம் இல்லை, வரைபடம்தான். நாம் பழகிய உலகப் படத்தின் அடிப்படையை மெர்கேட்டர் 1569ஆம் ஆண்டில் வகுத்தார். கப்பலோட்டிகள் திசைகாட்டியின் ஒரே கோணத்தைப் பிடித்துக்கொண்டு போவதற்காக அமைத்த படம் அது. துருவங்களை நெருங்க நெருங்க நிலத்தையும் கடலையும் அது இழுத்துப் பெரிதாக்கிவிடும்.

ஓர் உருண்டை உலகப் பந்தை எடுத்து, அந்த இரண்டு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இறுக்கமாக இழுத்துப் பிடியுங்கள். நூல் தானாகவே வடக்கே நகர்ந்து 48 பாகை அட்சரேகையை நெருங்கி வரும். அதுதான் உருண்டையின் மேற்பரப்பில் மிகக் குறுகிய பாதை. அந்த நூலை அப்படியே நீட்டி உலகைச் சுற்றிக் கட்டினால் உலகம் சரிபாதியாகப் பிரியும்; அதனால் இதற்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். டோக்கியோ ஹனேடாவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குப் பெருவட்டத்தில் சுமார் 8,800 கி.மீ. வரைபடத்தில் நாம் போட்ட கோட்டின் வழியே போனால் சுமார் 9,300 கி.மீ. ஐந்நூறு கிலோமீட்டர், அதாவது அரை மணி நேரத்துக்கும் மேல், வளைவில் மிச்சமாகிறது.

படி 3: தூரத்தைக் கணக்கிடுங்கள்

அவசரத்துக்கு இணையத்தில் கிரேட் சர்க்கிள் மேப்பர் போன்ற தளங்கள் இருக்கின்றன. இரண்டு குறியீடுகளைக் கொடுத்தால் எண்ணைத் தந்துவிடும். ஆனாலும் ஒருமுறையாவது கையால் போட்டுப் பாருங்கள் என்று வற்புறுத்துவேன். இந்தக் கணக்கின் அழகு அப்போதுதான் தெரியும்.

தேவையானவை: இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை. நியூயார்க் ஜே.எப்.கே.: வடக்கு 40.64, மேற்கு 73.78. லண்டன் ஹீத்ரோ: வடக்கு 51.47, மேற்கு 0.45. இரண்டும் மேற்குத் தீர்க்கரேகை என்பதால் கழிக்க வேண்டும், வித்தியாசம் 73.33 பாகை. ஒன்று கிழக்காகவும் மற்றது மேற்காகவும் இருந்தால் கூட்ட வேண்டும்; கூட்டியது 180ஐத் தாண்டினால் அதை 360இலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். டோக்கியோவுக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் அப்படித்தான் செய்ய வேண்டியிருக்கும். தெற்கு அட்சரேகை என்றால் எதிர்க் குறி.

இப்போது கால்குலேட்டர் பாகை முறையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மூன்று வேலைகள் செய்யுங்கள்.

முதலில் இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள்: 0.6513 × 0.7823 = 0.5095.

அடுத்து இரண்டு அட்சரேகைகளின் கோசைன் மதிப்புகளையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் கோசைனையும் சேர்த்துப் பெருக்குங்கள்: 0.7588 × 0.6229 × 0.2869 = 0.1356.

இரண்டு விடைகளையும் கூட்டினால் 0.6451. எந்தக் கோணத்தின் கோசைன் இது என்று (cos⁻¹ பொத்தானை அழுத்தி) கேட்டால் கால்குலேட்டர் 49.83 பாகை என்று சொல்லும். உலக உருண்டையின் மையத்தில் நின்று பார்த்தால் இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே தெரியும் கோணம் அது. ஒரு பாகைக்கு 111.19 கி.மீ. என்று பெருக்கினால் 5,540 கி.மீ.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. அதே 49.83ஐ 60ஆல் பெருக்குங்கள்: 2,990. இது கடல் மைல் கணக்கில் தூரம். ஒரு பாகையில் 60 கலைகள். ஒரு கலைக்கு ஒரு கடல் மைல் என்றுதான் அந்த அலகு பிறந்தது. இன்று அதை 1,852 மீட்டர் என்று நிலைப்படுத்தியிருக்கிறார்கள். கப்பலிலும் விமானத்திலும் இன்றைக்கும் கடல் மைலும், மணிக்கு ஒரு கடல் மைல் என்ற நாட் வேகமும் புழங்குவது வெறும் பழக்கத்தால் மட்டும் அல்ல. அவை உலகின் உருவத்திலிருந்தே பிறந்த அலகுகள். கிலோமீட்டரும் ஒருவகையில் அப்படித்தான். வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தில் கோடியில் ஒரு பங்கு ஒரு மீட்டர் என்றுதான் 1791இல் பிரான்சில் முடிவு செய்தார்கள். அதனால்தான் உலகின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கி.மீ. என்ற முழு எண்ணாக வருகிறது. எந்த இரண்டு நகரங்களுக்கும் இடையே இதில் பாதியான 20,000 கி.மீ.க்குப் பெரிதாக மேல் வராது. உங்கள் விடை அதைத் தாண்டினால் எங்கோ குறி தவறியிருக்கிறது.

உலகம் சரியான உருண்டை அல்ல. நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. அதனால் நம் விடையில் அரை சதவீதத்துக்குள் பிழை இருக்கலாம். வெவ்வேறு தளங்கள் ஒரே ஜோடி நகரங்களுக்குப் பத்து, பதினைந்து கி.மீ. மாறுபட்ட எண்களைக் காட்டுவதும் இதனால்தான். விமானம் 11 கி.மீ. உயரத்தில் பறப்பதால் பாதை நீளாதா என்று கேட்கலாம். நீளும், பத்தாயிரம் கி.மீ.க்கு 17 கி.மீ. மட்டுமே. இரண்டையும் மறந்துவிடலாம்.

படி 4: விமானம் உண்மையில் போகும் பாதைக்காகக் கொஞ்சம் கூட்டுங்கள்

பெருவட்டத் தூரம் ஓர் அடித்தளம். எந்த விமானமும் அதைவிடக் குறைவாகப் பறக்க முடியாது. பெரும்பாலும் சில சதவீதம் கூடுதலாகவே பறக்கும். ஓடுபாதை எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில் கிளம்ப வேண்டும், புயல் மேகங்களை விலக்க வேண்டும், இறங்கும் இடத்தில் வரிசையில் நிற்க வேண்டும். சாதாரண வழித்தடங்களுக்கு நான் 2 முதல் 4 சதவீதம் கூட்டிக்கொள்வேன். குறுகிய பயணங்களில் இந்த விகிதம் இன்னும் அதிகமாக இருக்கும்.

சில வழித்தடங்களில் அந்தக் கணக்கு எடுபடாது. உக்ரைன் போர் 2022 பிப்ரவரியில் தொடங்கியதும் ஐரோப்பாவின் பெரும்பாலான விமான நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்குப் பெருவட்டத் தூரம் சுமார் 7,800 கி.மீ.; அது அப்படியே ரஷ்யாவின் மேலே போகிறது. முன்பு ஒன்பதரை மணி நேரத்தில் போன பயணம் ஏறத்தாழ 13 மணி நேரமாகிவிட்டது. தூரம் ஒரு மீட்டர்கூட மாறவில்லை, பாதைதான் மாறியது. பழைய கட்டுரைகளில் இருக்கும் பயண நேரங்களை, குறிப்பாக ஐரோப்பாவுக்கும் கிழக்காசியாவுக்கும் இடையிலானவற்றை, இன்று நம்பக் கூடாது.

நிலமும் கடலும்கூடப் பாதையை வளைக்கும். விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்தால் விமானி சுமார் 10,000 அடிக்கு வேகமாக இறங்க வேண்டும். திபெத் பீடபூமியின் தரையே அதைவிட உயரம் என்பதால் பல விமானங்கள் அதன் மேல் நீண்ட நேரம் பறப்பதைத் தவிர்க்கின்றன. பெருங்கடல்களில் இன்னொரு விதி: இரண்டு இன்ஜின் விமானத்தில் ஒன்று நின்றுபோனாலும், மற்றதை வைத்துக் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒரு விமான நிலையத்தை அடைய முடிய வேண்டும். ஒரு காலத்தில் அந்த நேரம் 60 நிமிடம். 1985இல் 120 நிமிடத்துக்கு அனுமதி கிடைத்தது; ஏர்பஸ் ஏ350 விமானத்துக்கு 370 நிமிடம் வரை சான்று உண்டு. இன்ஜின்கள் நம்பகமாக ஆக ஆக, கடல் மேல் போகும் பாதைகள் நேராகிக்கொண்டே வந்திருக்கின்றன.

படி 5: வேகத்தைத் தேர்ந்தெடுங்கள்

போயிங் 737, ஏர்பஸ் ஏ320 வகை விமானங்கள் ஒலியின் வேகத்தில் சுமார் 0.78 பங்கில் பறக்கின்றன. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற பெரியவை 0.85 பங்கில். பதினோரு கி.மீ. உயரத்தில் வெப்பநிலை சுமார் மைனஸ் 56 பாகை செல்சியஸ். அந்தக் குளிரில் ஒலியே மணிக்கு 1,060 கி.மீ. வேகத்தில்தான் போகிறது. ஆகவே சிறியவற்றுக்கு மணிக்கு 830 கி.மீ., பெரியவற்றுக்கு 900 கி.மீ. என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஏடிஆர் 72 போன்ற புரொப்பல்லர் விமானம் என்றால் 500. எந்த விமானம் என்பது முன்பதிவு விவரங்களில் இருக்கும்.

படி 6: காற்றைக் கேளுங்கள்

திசைக்கு ஏற்ப நேரம் மாறுவதன் முழுக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. பூமி சுழல்வதால்தான் மேற்கே போகும்போதும் கிழக்கே போகும்போதும் நேரம் மாறுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். நிலநடுக்கோட்டில் பூமியின் மேற்பரப்பு மணிக்குச் சுமார் 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கே நகர்கிறது. விமானம் அதனோடு போட்டி போட வேண்டியிருந்தால் 900 கி.மீ. வேகத்தில் கிழக்கே கிளம்பும் விமானம் தன் இலக்கை என்றைக்குமே பிடிக்காது. காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. விமானம் காற்றில் மிதக்கிறது; காற்று எப்படி நகர்கிறது என்பதுதான் அதற்கு முக்கியம்.

நடு அட்சரேகைகளில், விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் என்ற காற்று நதி ஓடுகிறது. குளிர்காலத்தில் அது வலுப்பெறும். சில நாட்களில் மணிக்கு 300 கி.மீ.க்கு மேலேயும் போகும். 2020 பிப்ரவரி 9 அன்று கியாரா புயலின் காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு ஒரு போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் பறந்துவிட்டது. தரையிலிருந்து பார்த்தால் அதன் உச்ச வேகம் மணிக்கு 1,300 கி.மீ.க்கு மேல். ஆனாலும் அது ஒலியின் வேகத்தைத் தாண்டவில்லை. தன்னைச் சுற்றிய காற்றுக்கு ஒப்பாக அது வழக்கமான வேகத்தில்தான் பறந்தது.

கணக்குக்கு வருவோம். வட அட்லாண்டிக், வட பசிபிக் போன்ற நடு அட்சரேகைப் பாதைகளில் கிழக்கே போனால் மணிக்கு 100 கி.மீ. கூட்டுங்கள், மேற்கே போனால் 100 கி.மீ. கழியுங்கள். கோடைக்காலத்தில் அதில் பாதி போதும். சிங்கப்பூர், ஜகார்த்தா போல நிலநடுக்கோட்டை ஒட்டிய பாதைகளில் எதையும் கூட்டவோ கழிக்கவோ வேண்டாம். வடக்கு தெற்காகப் போகும் பாதைகளிலும் அப்படியே.

நியூயார்க்–லண்டன்: 5,540 கி.மீ.யோடு பாதைக்காகக் கொஞ்சம் கூட்டி 5,700 என்று வைத்துக்கொண்டால், கிழக்கே 5,700 ÷ 1,000 = 5.7 மணி. மேற்கே 5,700 ÷ 800 = 7.1 மணி. ஒன்றரை மணி நேரத்துக்கு அருகில் வித்தியாசம்!

போகும்போது கிடைத்தது வரும்போது போய்விடுகிறது, மொத்தத்தில் சமன்தானே என்று தோன்றும். சமன் ஆகாது. காற்றே இல்லாவிட்டால் போய்வர 5,700 + 5,700 கி.மீ.யை 900இல் கடக்க 12.67 மணி ஆகும். காற்று இருந்தால் 5.7 + 7.1 = 12.8 மணிக்கும் மேல். எதிர்க்காற்றில் அதிக நேரம் செலவிடுகிறோம், சாதகக் காற்றில் குறைந்த நேரமே இருக்கிறோம். அதனால் காற்று எப்போதும் கொடுப்பதைவிட அதிகமாக எடுத்துக்கொள்கிறது. ஆற்றின் போக்கிலும் எதிர்ப்போக்கிலும் படகு ஓட்டும் பழைய பள்ளிக் கணக்கு இதுவேதான்.

காற்றுக்கு ஏற்றாற்போல் பாதையையும் நாள்தோறும் மாற்றுகிறார்கள். வட அட்லாண்டிக்கின் மேல் தினமும் இரண்டு முறை புதிய தடங்கள் வகுக்கப்படுகின்றன: ஐரோப்பாவிலிருந்து பகலில் மேற்கே போகும் கூட்டத்துக்கு எதிர்க்காற்றைத் தவிர்க்கும் தடங்கள், அமெரிக்காவிலிருந்து இரவில் கிழக்கே வரும் கூட்டத்துக்குக் காற்றைப் பயன்படுத்தும் தடங்கள். சில நாட்களில் பெருவட்டத்தைவிட நீண்ட பாதையே குறைந்த நேரப் பாதையாக இருக்கும்.

படி 7: தரையில் செலவாகும் நேரத்தைச் சேருங்கள்

விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகத்தில் போவதில்லை. அதற்குக் கால் மணி நேரம் கூட்டுங்கள். பிறகு, வாயிலிலிருந்து நகர்ந்து ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, இறங்கிய பின் மீண்டும் வாயிலுக்கு வருவது என்று இன்னும் அரை மணி நேரம். வாயிலை விட்டு நகர்ந்த கணத்திலிருந்து மறு வாயிலில் நிற்கும் கணம் வரையுள்ள இந்த நேரத்தைத்தான் விமானத் துறையில் பிளாக் டைம் என்கிறார்கள். டிக்கெட்டில் அச்சாவதும் அதுவே. நம் நியூயார்க்–லண்டன் கணக்கில் 5 மணி 42 நிமிடம் என்பது ஆறரை மணி நேரத்தை நெருங்குகிறது. மேற்கே போவது ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஆகிறது. விமான நிறுவனங்கள் தாமதத்துக்கு இடம் விட்டு இதற்கு மேலும் சில நிமிடங்கள் சேர்த்துத்தான் அட்டவணை போடுகின்றன. நேரத்துக்கு முன்பே தரையிறங்குவது பல நாட்களில் நடப்பது அதனால்தான்.

இவ்வளவு விரிவாக வேண்டாம், விரல் கணக்கு போதும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: பெருவட்டத் தூரத்தை 850ஆல் வகுத்து அரை மணி நேரம் கூட்டுங்கள். சிங்கப்பூர்–நியூயார்க் 15,349 கி.மீ., உலகின் மிக நீண்ட இடைநில்லா வழித்தடம். வகுத்தால் 18 மணி, அரை மணி கூட்டினால் பதினெட்டரை; அட்டவணையும் அதை ஒட்டியே இருக்கிறது. ஆயிரம் கி.மீ.க்குக் குறைவான பயணம் என்றால் அரை மணிக்குப் பதில் முக்கால் மணி. மாட்ரிட்–பார்சிலோனா சுமார் 485 கி.மீ.; கணக்கு ஒரு மணி இருபது நிமிடம் என்று வருகிறது, நடப்பும் அதேதான்.

எந்தச் சூத்திரத்துக்கும் அடங்காத ஒரு பயணம் ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளில் இருக்கிறது. வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேவுக்கு 2.7 கி.மீ. அட்டவணையில் இரண்டு நிமிடம். காற்று கைகொடுத்த ஒரு நாளில் 53 வினாடிகளில் முடிந்திருக்கிறது.

படி 8: கடிகாரத்தை அவிழ்த்துவிடுங்கள்

டிக்கெட்டில் இருக்கும் புறப்பாட்டு நேரம் புறப்படும் ஊரின் நேரம். வருகை நேரம் இறங்கும் ஊரின் நேரம். இரண்டையும் அப்படியே கழித்தால் பொருளற்ற எண் வரும். நம்பகமான முறை ஒன்றே: இரண்டையும் உலகப் பொது நேரத்துக்கு (UTC; எல்லா ஊர் நேரங்களையும் இதற்கு முன்னால், பின்னால் என்றுதான் குறிக்கிறார்கள்) மாற்றிவிட்டுக் கழியுங்கள்.

ஜனவரி 10, மாலை 5 மணிக்கு டோக்கியோவில் கிளம்புகிறீர்கள். டோக்கியோ பொது நேரத்தைவிட 9 மணி நேரம் முன்னால். ஆகவே பொது நேரப்படி காலை 8. பத்து மணி நேரப் பயணம். பொது நேரப்படி மாலை 6. லாஸ் ஏஞ்சலஸ் குளிர்காலத்தில் 8 மணி நேரம் பின்னால். ஆகவே அங்கே காலை 10, அதே ஜனவரி 10. கிளம்பியதற்கு ஏழு மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்! திரும்பும்போது காலை 11 மணிக்குக் கிளம்பி, எதிர்க்காற்றில் 12 மணி நேரம் பறந்தால், டோக்கியோவில் மறுநாள் மாலை 4 மணி. சர்வதேசத் தேதிக் கோடு கொடுத்த நாளைத் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டது.

கவனிக்க வேண்டிய பொறிகள் சில. எல்லா நேர மண்டலங்களும் முழு மணிக் கணக்கில் இல்லை. இந்தியா ஐந்தரை மணி, நேபாளம் ஐந்தே முக்கால் மணி முன்னால். சீனா அவ்வளவு அகலமான நாடாக இருந்தும் ஒரே நேரத்தைப் பின்பற்றுகிறது. ஹவாயின் ஹொனலுலுவுக்கும் கிரிபட்டி நாட்டின் கிரிடிமாட்டி தீவுக்கும் கடிகாரம் ஒன்றுதான். தேதி மட்டும் சரியாக ஒரு நாள் வேறு. பலரை விழத்தட்டுவது கோடைகால நேர மாற்றம். அமெரிக்கா மார்ச் மாத இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை முன்னால் நகர்த்துகிறது. ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறுதான் நகர்த்துகிறது. இடைப்பட்ட இரண்டு மூன்று வாரங்களில் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையே ஐந்து மணி நேர வித்தியாசம் நான்காகிவிடும்.

வருகை நேரத்துக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் +1 என்று இருந்தால் மறுநாள் என்று பொருள். அதைக் கவனிக்காமல், உறவினர் ஒருவரை அழைத்து வர ஒரு நாள் முன்பே போய் விமான நிலையத்தில் இரவு முழுவதும் நின்றிருக்கிறேன். அன்றிலிருந்து யாருக்கு வருகை விவரம் அனுப்பினாலும் கிழமையையும் தேதியையும் சேர்த்தே எழுதுகிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

படி 9: இடையில் மாறும் பயணம் என்றால்

லண்டனிலிருந்து சிட்னிக்குப் பெருவட்டத்தில் சுமார் 17,000 கி.மீ. சிங்கப்பூர் வழியாகப் போனால் 10,880 + 6,300 = 17,180 கி.மீ. ஒரு சதவீதம்தான் கூடுதல். லாஸ் ஏஞ்சலஸ் வழியாகப் போனால் 20,800 கி.மீ.யைத் தாண்டும். இடை நிறுத்தம் பெருவட்டத்துக்கு அருகில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் தூரத்தில் இழப்பு இல்லை. நேரத்தில் நிச்சயம் இழப்பு உண்டு. படி 7இன் முக்கால் மணி நேரம் இரண்டு முறை வரும், காத்திருப்பும் சேரும். மொத்த நேரத்தை அறியக் காத்திருப்புகளைத் தனித்தனியாகக் கூட்ட வேண்டாம். முதல் புறப்பாடு, கடைசி வருகை இரண்டையும் பொது நேரத்துக்கு மாற்றிக் கழித்தால் போதும்.

காத்திருப்பு குறைவான இணைப்பு நல்லது என்று எண்ணி 50 நிமிட இணைப்பை விரும்பி எடுக்காதீர்கள். இரண்டு விமானங்களும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் தவறவிட்டாலும் பொதுவாக அடுத்ததில் ஏற்றிவிடுவார்கள். தனித்தனி டிக்கெட் என்றால் அந்த இழப்பு உங்களுடையது. அப்போது குறைந்தது மூன்று, நான்கு மணி நேர இடைவெளி வையுங்கள்.

படி 10: வீட்டு வாசலிலிருந்து எண்ணுங்கள்

உள்நாட்டுப் பயணத்துக்கு இரண்டு மணி நேரம், வெளிநாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்னால் நிலையத்தில் இருக்க வேண்டும். இறங்கிய பின் குடிநுழைவுச் சோதனை, பெட்டிகள் என்று ஒரு மணி நேரம் சாதாரணமாகப் போகும். இரண்டு முனைகளிலும் சாலைப் பயணம் வேறு. பத்தாயிரம் கி.மீ. பயணத்தில் இது ஒரு பொருட்டில்லை. ஐந்நூறு கி.மீ. பயணத்தில் இதுதான் பயணமே. மாட்ரிட்டிலிருந்து பார்சிலோனாவுக்கு அதிவேக ரயில் சுமார் இரண்டரை மணி நேரத்தில் நகரத்தின் நடுவிலிருந்து நடுவுக்குப் போய்விடுகிறது. ஒரு மணி இருபது நிமிட விமானத்துக்கு முன்னும் பின்னும் மூன்று மணி நேரத்தைச் சேர்த்துப் பாருங்கள். எது வேகம் என்று தெரிந்துவிடும்.

படி 11: நடப்போடு ஒப்பிடுங்கள்

கணக்கு முடிந்ததும் ஃபிளைட்ரேடார்24, ஃபிளைட்அவேர் போன்ற தளங்களில் உங்கள் விமான எண்ணைத் தேடுங்கள். கடந்த சில நாட்களில் அந்த விமானம் எப்போது கிளம்பியது, எவ்வளவு நேரம் பறந்தது, எந்தப் பாதையில் போனது என்று காட்டும். ஒரு நாளை மட்டும் பார்க்காமல் ஏழு, எட்டு நாட்களைப் பாருங்கள். உங்கள் கணக்கு அவற்றின் நடுவே விழுந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் விலகி நின்றால் பாதையைப் பாருங்கள். மூடிய வான்வெளியோ வலுத்த காற்றோ அங்கே தெரியும். பயணம் ஜூலையில் என்றால் ஜனவரி நாட்களை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

அந்த ஏழெட்டு நாட்களில் மிகத் தாமதமாக வந்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். இணைப்பு விமானத்துக்கும், உங்களை அழைத்துப் போக வருபவருக்கும் அந்த நேரத்தையே கொடுங்கள். தரையிறங்கும் நேரத்தோடு வெளியே வர ஆகும் ஒரு மணி நேரத்தையும் சேர்த்து.